ஆறுதல் பிரதர்

கூட்டு ரோட்டில் பேருந்தை விட்டு இறங்கி என் கடைக்கு நடந்து வர மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம் ஆகும். அவருக்கு முக்கால் மணி நேரம். கால் ஊனமில்லை, மூட்டு வலியில்லை, தள்ளாத வயதுமில்லை. வழியில் நின்று அரட்டை அடிக்கிறவரும் இல்லை. ஒரு காலை எடுத்து வைப்பார். அது தரையில் ஒழுங்காகப் பதிந்துவிட்டதா என்று பார்ப்பவர்போல ஒரு கணம் நிற்பார். பிறகுதான் அடுத்த கால். மார்க்கெட் கமிட்டிக்கு மணிலாக்கொட்டை மூட்டை ஏற்றி வரும் லாரிக்காரர்கள் ஊரையே ஹாரன் அடித்து விரட்டுவார்கள். இவர் வந்தால் மட்டும் வண்டியை வளைத்து ஓட்டிக்கொண்டு போவார்கள். ஹாரன் அடித்துப் பார்த்து அலுத்தவர்கள் அவர்கள்.

அவர் ஒரு கத்தோலிக்கத் துறவி. தொண்டூர்ப் பக்கம் பனந்தோப்புக்கு நடுவில் இருக்கும் மடத்தைச் சேர்ந்தவர். அந்த மடத்துக்கு ஒரு புனிதரின் நீளமான பெயர் உண்டு, வாசல் பலகையில் எழுதியும் இருக்கிறது. ஊரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. "சிலோன் சாமி மடம்" என்றால்தான் ஆட்டோ நகரும். இலங்கையில் சண்டை நடந்தபோது யாழ்ப்பாணத்துப் பக்கத்திலிருந்து படகேறி வந்து, முகாமில் கொஞ்ச காலம் கிடந்து, கடைசியில் இங்கே வந்து ஒதுங்கிய ஏழு துறவிகள் தொடங்கிய மடம் அது. அந்த ஏழில் ஒருவர் இவர். இவர் பெயர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. தன் பெயரை அச்சில் பார்த்தால் கூசிப் போகிற மனிதர், இப்போது இல்லாத நேரத்தில் அவரைக் கூச வைப்பானேன்? கடைவீதி அவருக்கு வைத்த பெயர் இருக்கிறது: ஆறுதல் பிரதர்.

அந்தப் பெயரைக் கிளப்பிவிட்டது நான்தான்.

எனக்குப் பொறுமை கிடையாது. செஞ்சிக் கடைவீதியில் என் நைனாவுக்கு நோட்டுப் புத்தகக் கடை. அதில் ஒரு ஓரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஒரு கம்ப்யூட்டரும் ஜெராக்ஸ் மெஷினும் போட்டு டைப்பிங் வேலை ஆரம்பித்தேன். "பத்து நிமிடத்தில் ரெடி" என்று பலகை. மனுவோ, பயோடேட்டாவோ, காதுகுத்துப் பத்திரிகையோ, வந்தவர் பாதி சொல்வதற்குள் மீதியை நானே டைப் செய்துவிடுவேன். "அந்தாளு வாயத் தொறக்கறதுக்குள்ள நீயே முடிச்சிட்டா, அவரு இன்னாத்துக்கு இம்மா தூரம் வந்தாரு?" என்று நைனா தலையில் அடித்துக்கொள்வார்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நிச்சயம் வரைக்கும் போன ஒரு சம்பந்தம் அந்த வாரம்தான் நின்றுபோயிருந்தது. பெண் ரொம்ப வேகமாகப் பேசுகிறாள் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்களாம். கடைவீதி முழுக்க விஷயம் தெரியும். ஒருவரும் வாயைத் திறந்து கேட்கவில்லை; பார்வையிலேயே கேட்டுவிட்டுப் போனார்கள். நானும் எதுவும் நடக்காததுபோல கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்த நாளில்தான் காவி அங்கியும் ரப்பர் செருப்புமாக இவர் முதன்முதலில் கடை ஏறினார். கையில் கோடு போட்ட தாள்கள்.

"எங்கட மடத்தின்ர வரலாறு. புத்தகமாப் போட வேணும், பிள்ளை."

"குடுங்க. பத்து நிமிஷம் உக்காருங்க," என்றேன் வழக்கம்போல.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "வேண்டாம் பிள்ளை. ஆறுதலா, ஆறுதலா," என்றார்.

அம்மா சொல்லாததை, அக்கம்பக்கத்தார் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு சாமியார் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துச் சொல்கிறார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஒரு வாரத்து அழுகை. நைனா எழுந்து வந்துவிட்டார். அந்த மனிதர் என்னையும் தன் தாள்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்ர கையெழுத்து விளங்கேல்லையோ?" என்று நைனாவிடம் கேட்டார். "வேணுமெண்டால் நான் திருப்பி எழுதிக்கொண்டு வாறன். பிள்ளை அழ வேண்டாம்."

தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் ஒரு பக்கத்துக்கு ஆறே வரியாக, குழந்தைப் பாடப்புத்தகம்போலக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து நின்றார். வெட்கப்பட்டு அவர் என் துக்கத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். நல்ல மனிதர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்றும் நினைத்தேன்.

அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியுமா என்னால்? முகம் பார்த்து மனசைப் படிக்கிற பிரதர் ஒருவர் இருக்கிறார் என்று கடை கடையாகச் சொன்னேன். பிறகு எல்லோருக்கும் அது நடக்க ஆரம்பித்தது. டீக்கடை மாஸ்டரிடம் "ஆறுதலாப் போடுங்கோ" என்றார்; மாஸ்டர் பாய்லரை மறந்துவிட்டுத் தன் தம்பி பேச்சுவார்த்தையில்லாமல் போன கதையைச் சொல்லி முடித்தார். டவுன் பஸ் ஓட்டுநரிடம் "ஆறுதலா ஓட்டுங்கோ" என்றார். அவர் வல்லம் வரை ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மாமியார் கொடுமையைச் சொன்னார். இவர் எல்லாவற்றையும் முழுசாகக் கேட்பார். அவசரமே இல்லாத மனிதரிடம் கதைக்கு என்ன பஞ்சம்? ஏன் ஊர்க்காரர்கள் எல்லோரும் தன்னைப் பார்த்ததும் மனம் விட்டு அழுகிறார்கள் என்று மட்டும் அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. செஞ்சிக்காரர்கள் இளகிய மனசுக்காரர்கள் என்று மடத்தில் போய்ச் சொல்வாராம்.

இந்த மாயம் என் கல்யாணத்தில்தான் உடைந்தது. இரண்டு வருடம் கழித்து, வேகமாகப் பேசினாலும் பரவாயில்லை என்று ஒருவர் அமைந்தார். மடத்திலிருந்து தலைவரான பெரிய சாமியும் ஆறுதல் பிரதரும் வந்திருந்தார்கள். பந்தியில் மாப்பிள்ளைக்கு எதிர் வரிசையில் பிரதருக்கு இலை. மாப்பிள்ளை பசியில் சாம்பாரை அள்ளி அள்ளி அடிப்பதைப் பார்த்துவிட்டு, அன்போடு சொன்னார்:

"ஆறுதலாச் சாப்பிடுங்கோ, தம்பி."

மாப்பிள்ளையின் அத்தை கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "இன்னாங்க இது, நல்ல நாளும் அதுவுமா? மாப்பிள்ளைக்கு எதுக்கு ஆறுதல் சொல்றாரு சாமியாரு? பொண்ணுகிட்ட எதுனா கொறை கீதா? இப்பவே சொல்லிடுங்க!"

பாயசம் வைத்துக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நின்றார். பெரிய சாமிதான் கைகூப்பி எழுந்தார். "அம்மா, கோவிக்க வேண்டாம். எங்கட ஊரில ஆறுதலா எண்டால் மெதுவா, அவசரப்படாமல் எண்டுதான் அர்த்தம். தம்பி விக்கிப்போடுவார் எண்டு சொன்னவர். வேற ஒண்டுமில்லை."

மண்டபமே சிரித்தது. என் கணவர் சிரித்ததில் உண்மையாகவே விக்கிக்கொண்டார். சிரிக்காதவள் நான் ஒருத்திதான். மணமேடைப் புடவையோடு உட்கார்ந்து பின்னோக்கி யோசித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் என்றதற்கு, மெதுவாகச் செய் போதும் என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். நான் அழுதது ஒரு டைப்பிங் ஆர்டருக்கு.

கை கழுவுகிற இடத்தில் அவரை மடக்கினேன். "அப்ப அன்னிக்கு எனக்கு ஆறுதல் சொல்லலியா பிரதர்? நான் அத நெனச்சி நெனச்சி எத்தினி நாளு தெம்பா இருந்தேன் தெரியுமா?"

அவர் ஒவ்வொரு விரலாகக் கழுவி முடித்தார். "அப்ப நீங்கள் அண்டைக்கு அழுதது என்ர கையெழுத்துக்கு இல்லையோ?" என்றார். "நான் ரெண்டு வருசமாக் கொட்டை எழுத்தில எழுதி எழுதி விரலெல்லாம் நோகுது, பிள்ளை."

அதற்கு மேல் யார் யாரைக் கோபித்துக்கொள்வது?

மடத்தில் நேரத்துக்கு மணி அடிக்கும் பொறுப்பு இவருக்கு என்று தெரிந்தபோது நைனா சிரித்த சிரிப்பு அடங்க அரை நாள் ஆனது. மணி என்று ஒன்று அங்கே இல்லை. வேப்ப மரத்தில் பழைய லாரிச் சக்கரத்து ரிம் ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். அதை இரும்புத் துண்டால் தட்டுவார். பன்னிரண்டு மணிச் செபத்துக்கான சத்தம் பன்னிரண்டே காலுக்குக் கேட்கும். ஆனால் ஒரு நாள்கூடப் பதினாலு நிமிடமோ பதினாறு நிமிடமோ ஆனதில்லை. கழனியில் வேலை செய்கிறவர்கள் கால் மணியைக் கழித்துக்கொண்டு சரியான நேரத்துக்குச் சோற்றுத்தூக்கைத் திறந்தார்கள். அசல் மணி ஒன்று வாங்கித் தருகிறேன் என்று ஊர்க்காரர் ஒருவர் கேட்டதற்கு, "எங்களிட்ட மணி ஒண்டு இருக்கு. அது வரும்," என்று சொல்லிவிட்டாராம். ரயிலில் வருகிறதா, கப்பலில் வருகிறதா என்று நாங்கள் கேலி பேசினோம்.

பனங்கிழங்கு விஷயமும் இப்படித்தான். நாங்கள் கிழங்கை வேகவைத்து, உரித்து, தின்றுவிட்டுப் போகிறவர்கள். இவர்கள் பச்சைக் கிழங்கை இரண்டாகப் பிளந்து பாறைமேல் வரிசையாகப் பரப்பிக் காயப்போடுவார்கள். காய்ந்தால் அதற்கு ஒடியல் என்று பெயர். அதை இடித்து மாவாக்கிக் கூழ் காய்ச்சுவார்கள். "பச்சையா பொளந்து காய வெச்சா வெறகுதான் சாமி ஆவும்," என்று ஊர்க்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். பிரதர் ஒவ்வொரு துண்டாகப் புரட்டிவைப்பார். கடைசித் துண்டுக்கு வந்து சேரும்போது முதல் துண்டு மறுபக்கமும் காய்ந்திருக்கும். கூழைக் குடித்துப் பார்த்த பிறகு ஊரில் ஒருவரும் விறகு என்று சொல்லவில்லை.

இதெல்லாம் அவர் எழுதிய வரலாற்றில் இருந்தது. வாரம் இரண்டு பக்கம் வரும். ஏழு பேரும் வந்து சேர்ந்த நாளில் படுக்கப் பாய்கூட இல்லை. தொண்டூர்க்காரர் ஒருவர், "மலையில சமணச் சாமிங்க செதுக்கின கல்லுப் படுக்கை சும்மாதான் கெடக்குது, போயி படுங்க சாமி, அவுங்களும் உங்களாட்டம்தான்," என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாராம். "எமக்கு இந்நாட்டில் முதற்பாய் தந்தோர் சமண முனிவர்களே" என்று பிரதர் எழுதியிருந்தார். எனக்கு மிகவும் பிடித்த வரி அது. அதில் நான் கை வைக்கவில்லை.

புத்தகம் ஏறக்குறைய முடிந்தும் ஓர் இடம் மட்டும் மூடாமல் கிடந்தது. கடற்கரைக்கு வந்த கட்டம். "அன்று நாங்கள் எட்டுப் பேர் கரைக்கு வந்தோம்" என்று இருக்கும். அதற்கு அடுத்து வெள்ளைத்தாள். பிறகு முகாம், ஏழு பேர்.

"எட்டுன்னு இருக்குது, அப்புறம் ஏழுன்னு இருக்குது. எத மாத்தணும் பிரதர்?" என்று கேட்பேன்.

"இருக்கட்டும் பிள்ளை. பேந்து பாப்பம்." பேந்து என்றால் பிறகு. அந்தப் பிறகு வருடக்கணக்கில் நீண்டது. அந்தப் பக்கத்தை வாங்கிக்கொண்டு போவார், ஒரு காற்புள்ளியை மாற்றிக்கொண்டு வருவார்.

மடத்து ஆண்டுவிழாவுக்குள் புத்தகம் வந்தாக வேண்டும் என்று பெரிய சாமி கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான், கடைசி நாளில், நாலாக மடித்த துண்டுத்தாள் ஒன்றை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ஒரே வரி. "வள்ளம் புறப்பட்டபோது சகோதரர் ஒருவரைத் தவறவிட்டோம்."

திண்டிவனத்தில் அச்சகக்காரர் போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வரி உறுத்தியது. பேருந்தில் குடையைத் தவறவிட்டோம் என்பதுபோல இருக்கிறதே, ஒரு துறவியைப் பற்றி இப்படியா எழுதுவது? பாவம், பிரதருக்கு எழுத வரவில்லை, என்ன சொல்ல வருகிறார் என்று நமக்குத் தெரியாதா? வழக்கம்போல அவர் வாக்கியத்தை நான் முடித்து வைத்தேன். "சகோதரர் ஒருவர் தவறிவிட்டார்." மரியாதைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவைக் குறியும் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

விழாவன்று வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அவர் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். எல்லோரும் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் பாராட்டை வாங்காமல் போகிற ஆளா? கிட்டேயே நின்றேன். அந்தப் பக்கத்துக்கு வந்தார். வரியில் விரல் நின்றது.

"இது நான் எழுதினதோ, பிள்ளை?"

"கொஞ்சம் சரி பண்ணேன் பிரதர். நீங்க சொல்ல வந்தது அதானே?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. சிலுவைக் குறியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "நான் இத்தனை வருசமா எழுத ஏலாமல் கிடந்ததை நீங்கள் எழுதிப்போட்டீங்கள்," என்றார். "ஓம். அப்பிடித்தான் இருக்கும்." எழுந்து உள்ளே போனார். ஆறுதலா என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. டவுன் பஸ் ஓட்டுநர் வந்து, "மடத்துல இப்பல்லாம் ரிம்மு சரியா பன்னெண்டுக்கு அடிக்குதாம். வேற சாமி அடிக்கிறாராம்," என்று சொன்னார். மடத்துக்கு ஓடினேன்.

பெரிய சாமி என்னை உட்காரவைத்துச் சொன்னார். "அவன் முந்தி இப்பிடி இல்லை, பிள்ளை. எங்களுக்குள்ள அவன்தான் கெதிக்காரன். கெதியா நடவுங்கோ, கெதியாச் சாப்பிடுங்கோ, கெதியாச் செபியுங்கோ. கெதியா எண்டால் வேகமா. வாயைத் திறந்தா அந்தச் சொல்லுத்தான். வெளிக்கிட்ட அண்டைக்கும் எல்லாரையும் விரட்டிக் கலைச்சுக்கொண்டு வந்தவன், கோயில் கைமணியை மறந்துபோனான். அதை எடுத்தாறதுக்கு எங்களில இளையவனைத் திருப்பி அனுப்பினவன். அந்த நேரம் பார்த்து மேல ஹெலிகொப்டர் சத்தம். வள்ளக்காரன் பயந்திட்டான். இவன்தான், வள்ளத்தை எடு, கெதியா எடு எண்டு கத்தினவன். வள்ளம் வெளிக்கிட்ட பிறகுதான் எண்ணிப் பார்த்தம். ஏழு."

பெரிய சாமி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "எழுதின கடிதமெல்லாம் திரும்பி வந்தது. ஆனா அவனுக்கு எண்டு ஒரு இரங்கல் பூசை வைக்க இவன் ஒரு நாளும் விட்டதில்லை. தவறவிட்டதுதான், தவறினதில்லை எண்டு சண்டைக்கு வருவான். புத்தகம் வந்த அடுத்த நாள் அவனே வந்து கேட்டான். பூசையை வையுங்கோ எண்டு."

என் அவசரப் புத்தியை நான் எத்தனையோ முறை சபித்திருக்கிறேன். அன்றைக்குச் சபித்ததுபோல ஒரு நாளும் இல்லை. ஒரு மனிதர் அத்தனை வருடங்களாக உயிரோடு வைத்திருந்த ஆளை நான் ஒரு வரியில் கொன்றுவிட்டேன். மடத்தில் மிச்சமிருந்த பிரதிகளையெல்லாம் கடைக்குத் தூக்கிவந்து, "சகோதரர் ஒருவரைத் தவறவிட்டோம்" என்று அச்சடித்த சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றிலும் ஒட்டினேன். நைனா பசை தடவிக் கொடுத்தார், திட்டிக்கொண்டே. ஆனால் பாதிப் பிரதிகள் அதற்குள் கடல் தாண்டிப் போயிருந்தன. மடத்துத் துறவிகள் ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டிருந்தார்கள்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு காலையில் கடை போன் அடித்தது. ஏதோ நீளமான வெளிநாட்டு எண்.

"இது செஞ்சி அச்சுக்கடையோ? புத்தகத்துக்குக் கடைசியில இந்த நம்பர் கிடந்தது."

"ஆமா, சொல்லுங்க. சீக்கிரம், ஆளு நிக்கிறாங்க."

"உங்கட புத்தகத்தில ஒரு பிழை இருக்கு, பிள்ளை."

"இன்னா பிழை?"

"நான் சாகேல்லை."

ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் தாளை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தக் குரல் கடகடவென்று பேசியது. ஒரு சின்ன மாதா கோயிலில் எடுபிடி வேலை செய்கிறாராம். போன ஞாயிறு அந்தக் கோயில் சுவாமி இந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டிவிட்டு, இந்தச் சகோதரரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபிப்போம் என்றாராம். "கடைசி வாங்கு வரிசையில நானும் முழந்தாளில நிண்டு எனக்கே செபம் சொன்னனான். என்ன செய்யிறது?"

"இங்க ஒருத்தரு உங்கள விட்டுட்டு வந்துட்டோம்னு இத்தினி வருசமா உருகிக்கினு இருக்காரு, தெரியுமா?" என்று கத்தினேன். "கெதியா எடுன்னு அவருதான் கத்தினாராம்."

மறுமுனையில் கடகடப்பு தணிந்தது.

"அவர் என்னை விட்டிட்டுப் போகேல்லை, பிள்ளை," என்றது குரல். "மணியை எடுத்துக்கொண்டு நான் அப்பவே வந்திட்டன். வள்ளம் நிண்டது. எனக்குக் கடலெண்டாப் பயம். வெளியில சொல்ல வெக்கம். தாழம்பத்தைக்குள்ள ஒளிச்சு நிண்டு, வள்ளம் போகும்வரை பாத்துக்கொண்டு இருந்தனான். எனக்காகக் காத்து நிண்டுதான் வள்ளம் பிந்தினது எண்டு நினைச்சன். அதால அவை ஏழு பேருக்கும் ஏதும் நடந்திருக்கும் எண்டு நான் பயந்துபோய் ஆரிட்டயும் விசாரிக்கேல்லை. விசாரிச்சா, செத்திட்டினம் எண்டு சொல்லிப்போடுவாங்கள். விசாரிக்காட்டி, உயிரோடதானே இருப்பினம்?"

வாயில் ஒரு சேதியை இரண்டு நிமிடம் வைத்திருக்கத் தெரியாதவள் நான். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. இதை எப்படிச் சொல்வது? என் வேகத்தில் ஒருமுறை அவரை உடைத்தாயிற்று. வயதான மனிதர், மூச்சு நின்றுவிட்டால்? வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. தொண்டூர் ரோட்டில் ஒரு மாட்டு வண்டி என்னை முந்திக்கொண்டு போனது. வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

பாறைமேல் தனியாக உட்கார்ந்து ஒடியல் புரட்டிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். நானும் உட்கார்ந்து ஒரு துண்டைப் புரட்டினேன். இன்னொன்றைப் புரட்டினேன்.

"பிரதர், ஒரு சேதி. நல்ல சேதிதான். ஆறுதலாக் கேளுங்க."

தலை நிமிர்ந்தார்.

"காலையில கடைக்கு ஒரு போன் வந்துச்சு. வெளிநாட்டு நம்பரு. நம்ம புத்தகத்துல ஒரு பிழை இருக்குதுன்னு சொன்னாங்க..."

"என்ன பிழை?"

"சொல்றேன், ஆறுதலா..."

கையிலிருந்த ஒடியல் பாறையில் விழுந்தது. "கெதியாச் சொல்லு, பிள்ளை!" என்று அவர் கத்தினார். "கெதியா!"

சொன்னேன். அந்தத் தாழம்புதர் வரைக்கும் சொன்னேன். அவர் அழுதாரா, சிரித்தாரா என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. "ஒளிச்சு நிண்டவனோ? கள்ளன்! கள்ளன்!" என்று சொல்லிச் சொல்லித் தொடையில் அடித்துக்கொண்டார். பிறகு எழுந்து மரத்தடிக்கு ஓடினார். ஆமாம், ஓடினார். ரிம்மைத் தட்டினார் தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். கழனியில் இருந்தவர்களெல்லாம் எதிலிருந்து கால் மணியைக் கழிப்பது என்று தெரியாமல் கரையேறி நின்று பார்த்தார்கள்.

கடுதாசி வேலைகளெல்லாம் முடிந்து இளையவர் வந்து சேர மேலும் பல மாதங்கள் ஆயின. இளையவர் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோமே தவிர, அவருக்கும் தலை வெளுத்துவிட்டது. கடலைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டே விமானத்தில் வந்தாராம். மடத்துப் பையன்கள் இருவர் சென்னைக்குப் போய்ப் பேருந்தில் கூட்டிவந்தார்கள். ஆறுதல் பிரதர் விடிந்ததுமே மடத்திலிருந்து கிளம்பிவிட்டார். பேருந்து வருவதற்கும் இவர் செஞ்சிப் பேருந்து நிலையத்துக்கு வந்து சேருவதற்கும் சரியாக இருந்தது. அந்த ஒரு நாள் ஓட்டத்தோடு சரி, மறுநாளே பழைய நடைக்குத் திரும்பியிருந்தார். நானும் என் கணவரும் கடையைப் பூட்டிக்கொண்டு போய் நின்றோம்.

எல்லோரும் இறங்கிவிட்டார்கள். மடத்துப் பையன்கள் பெட்டிகளோடு இறங்கிவிட்டார்கள். கடைசியாகப் படிக்கட்டில் ஒரு ஒல்லியான கிழவர், நெஞ்சோடு ஒரு துணிப்பையை அணைத்துக்கொண்டு நின்றார். கீழே பிரதரைப் பார்த்தார். கால் அடுத்த படிக்கு வரவில்லை.

"பெருசு, சீக்கிரம் எறங்கு, டைம் ஆவுதில்ல," என்று நடத்துநர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

பிரதர் ஓர் அடி எடுத்து வைத்தார். நின்றார். இன்னோர் அடி. படிக்கட்டுக்கு நேராக வந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

"ஆறுதலா," என்றார். "ஆறுதலா இறங்கு. ஒருத்தரும் விட்டிட்டுப் போகேல்லை."

இளையவர் இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் அந்தத் துணிப்பைக்குள் மணி ஒன்று கிணுங்கியது.

"இன்னாக்கா சொல்றாரு சாமி?" என்று நடத்துநர் என்னிடம் கேட்டார். மடத்துக்காரர்கள் பேச்சைச் செஞ்சிக்காரர்களுக்கு விளக்குவது அதுவரை என் வேலைதான். கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். அன்றைக்கு எது சரியான அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"ஒண்ணும் அவசரமில்லப்பா," என்றேன். "நீ ஆறுதலா வண்டிய எடு."